கம்பெனி நடத்திப் பார்க்காத ஆசிரியர் டெக்னாலஜி ஸ்டார்ட்அப் பாடம் எடுக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் துறை உதவிப் பேராசிரியர். அடுத்த செமஸ்டரில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொழில்நுட்பத் தொழில்முனைவு என்று மூன்று க்ரெடிட் எலெக்டிவ் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கையில் இருப்பது ஐந்து யூனிட் சிலபஸ்: தொழில்முனைவோர் வரையறை, வகைகள், பிசினஸ் பிளான், நிதி திரட்டும் வழிகள், அரசு உதவி அமைப்புகள். "நான் ஒரு பெட்டிக்கடைகூட நடத்தியதில்லை. இதை எப்படி எடுப்பது? எடுத்தால் பயன் இருக்குமா?" என்று கேட்கிறார்.

எடுக்கலாம், பயனும் இருக்கும். ஆனால் அந்த ஐந்து யூனிட்டை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக நடத்திக்கொண்டு போனால் இருக்காது. ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கம்பெனி நடத்தாதது பெரிய குறை இல்லை என்பதை முதலில் பேசிவிடலாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் டெர்மன் என்று ஒரு ரேடியோ பொறியியல் பேராசிரியர் இருந்தார். சிலிக்கான் வேலியின் வரலாற்றை யார் எழுதினாலும் அவர் பெயர் இல்லாமல் எழுத முடியாது. அவர் வேலை பாடம் எடுப்பது, பாடப்புத்தகம் எழுதுவது, லேப் நடத்துவது. அவருடைய மாணவர்கள்தான் வில்லியம் ஹியூலெட்டும் டேவிட் பேக்கார்டும். கிழக்குக் கரையில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலைக்குப் போய்விட்ட பேக்கார்டை, 1938இல் ஓர் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்து திரும்ப வரவழைத்தவர் டெர்மன். ஹியூலெட் தன் முதுகலை ஆய்வுக்காகச் செய்துகொண்டிருந்த சர்க்யூட்டை ஒரு பொருளாக்கலாம் என்று தூண்டியவரும் அவரே. 1939 ஜனவரியில் இருவரும் 538 டாலர் முதலோடு ஒரு கார் ஷெட்டில் தொழிலைத் தொடங்கினார்கள்.

அந்த சர்க்யூட் உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். லேபில் மாணவர்கள் ஆர்-சி மதிப்பை (மின்தடை, மின்தேக்கி) மாற்றி மாற்றி அதிர்வெண் பார்க்கும், சீரான அலையை உண்டாக்கும் அதே வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டர். அந்தக் காலத்து ஆடியோ ஆசிலேட்டர்கள் விலை கூடியவை, வெளியீட்டை நிலையாக நிறுத்துவதும் பெரும்பாடு. ஹியூலெட் ஃபீட்பேக் பாதையில் ஒரு சின்ன பல்பைப் போட்டார். சிக்னல் கூடினால் பல்பின் இழை சூடாகும், மின்தடை ஏறும், பெருக்கம் தானாகக் குறையும். அலை வடிவம் கெடாமல் நிற்கும். கடையில் கிடைக்கும் ஒரு பல்பு, பெரிய சர்க்யூட் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் உங்கள் வகுப்புக்குத் தேவையானது. கருவிக்கு 54.40 டாலர் என்று விலை வைத்தார்கள். செய்யத் தொடங்கிய பிறகுதான் அந்த விலைக்கு அது கட்டுப்படியாகாது என்று தெரிந்தது. ஆனால் போட்டியாளரின் கருவி 400 டாலர் அளவில் விற்றுக்கொண்டிருந்ததால், விலையை ஏற்றிக்கொள்ள இடம் இருந்தது. அடுத்த மாடலை 71.50 டாலர் விலையில் டிஸ்னி ஸ்டூடியோ எட்டு வாங்கியது. ஆக, ஒரு தீசிஸ் சர்க்யூட், ஒரு தப்பான விலை, அதைத் தாங்கிக்கொண்ட ஒரு சந்தை, அவசரத் தேவையோடு இருந்த ஒரு வாடிக்கையாளர். முதல் வகுப்புக்கு ஒரு பிரெட்போர்டில் இந்த சர்க்யூட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "இதை யாருக்கு விற்பீர்கள், என்ன விலைக்கு, அவர் இப்போது இந்த வேலையை எதை வைத்துச் செய்கிறார்?" என்று கேளுங்கள். மாணவர்களுக்குத் தெரிந்த சர்க்யூட், ஆனால் இதுவரை யாரும் கேட்காத கேள்விகள். அந்த ஒரு மணி நேரம் தொழில்முனைவோர் வகைகள் பற்றிய யூனிட்டைவிட அதிகம் சொல்லித்தரும்.

இனி பாடத்தின் மையத்துக்கு வருகிறேன். எந்தப் புதுத் தொழிலிலும் இரண்டு சந்தேகங்கள் உண்டு. செய்கிற பொருள் வேலை செய்யுமா என்பது ஒன்று. வேலை செய்தால் யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்பது மற்றொன்று. உணவு டெலிவரி ஆப் தொடங்குபவருக்கு முதல் சந்தேகம் அனேகமாக இல்லை, இரண்டாவதுதான் முழுக்கவும். புற்றுநோய்க்கு மருந்து தேடுபவருக்கு நேர் எதிர்: மருந்து பலித்துவிட்டால் வாங்க ஆள் இருக்குமா என்று யாரும் கவலைப்படுவதில்லை. உயர்தொழில்நுட்பத் தொழில்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. நம் பொறியியல் மாணவர்கள் முதல் சந்தேகத்தோடு மட்டுமே நான்கு வருடம் பழகுகிறார்கள். இரண்டாவதை, பிசினஸ் பிளானில் ஒரு பக்கம் எழுதி முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். உங்கள் வகுப்பு செய்ய வேண்டிய ஒரே வேலை, தன் யோசனையில் எந்த சந்தேகம் பெரியது என்று கண்டுபிடிக்கவும், அதைக் குறைந்த செலவில் சோதித்துப் பார்க்கவும் மாணவரைப் பழக்குவது. மற்ற எல்லாம் இதற்குக் கீழே வரும்.

நம் பக்கத்திலேயே இரண்டுக்கும் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. ஐஐடி மெட்ராஸில் எஞ்சினியரிங் டிசைன் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் 2013இல் ஏதர் எனர்ஜியைத் தொடங்கினார்கள். முதலில் நினைத்தது மின்ஸ்கூட்டருக்கு நல்ல பேட்டரி பேக் செய்து தருவது. வண்டி ஓட்டுபவர்களிடம் பேசிப் பார்த்தபோது, சந்தையில் இருந்த மின்ஸ்கூட்டரே சரியில்லை, அதில் நல்ல பேட்டரியை வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று புரிந்தது. முழு ஸ்கூட்டரையும் தாங்களே செய்வது என்று திரும்பினார்கள். 2016 பிப்ரவரியில் வண்டியைக் காட்டினார்கள், விற்பனைக்கு வந்தது 2018இல். இன்று ஓசூரில் ஆலை, 2025இல் பங்குச் சந்தையில் பட்டியல். இந்த வருடங்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். தொடங்கி ஐந்து வருடம் கழித்துத்தான் முதல் வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போயிருக்கிறது என்பதை மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

ராக்கெட் செய்யும் அக்னிகுல் காஸ்மோஸ் மற்ற வகை. 2017இல் ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின் இருவரும் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தியோடு சேர்ந்து தொடங்கியது. அங்கிருக்கும் எரிதல் ஆய்வு மையத்தின் பல வருட அறிவு பின்னால் இருந்தது. எஞ்சினை ஒரே துண்டாக 3டி பிரின்ட் செய்தார்கள். ஏவ வேண்டிய நாளில் கடைசி நேரத்தில் நிறுத்தியது ஒரு முறை இல்லை, பல முறை. கடைசியில் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தங்கள் சொந்த ஏவுதளத்திலிருந்து பறக்கவிட்டார்கள். சின்ன சாட்டிலைட்டை மேலே அனுப்ப ஆள் தேடுபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இவர்களுடைய கேள்வி எஞ்சின் எரியுமா, சொன்னபடி பறக்குமா என்பதுதான். அதற்கு வாடிக்கையாளர் பேட்டி எடுத்து விடை கிடைக்காது, டெஸ்ட் ஸ்டாண்டில்தான் கிடைக்கும். இந்த வித்தியாசத்தை மாணவர்கள் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

இரண்டாவது சந்தேகத்தை எப்படிச் சோதிப்பது என்பதற்கு ஒரு நல்ல வகுப்பு முறை ஏற்கெனவே இருக்கிறது. எட்டு ஸ்டார்ட்அப்களில் இருந்துவிட்டு 1999இல் ஓய்வு பெற்ற ஸ்டீவ் பிளாங்க் என்பவர் 2011 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டில் ஒரு பாடம் தொடங்கினார். அதில் பிசினஸ் பிளான் கிடையாது. குழுவாகச் சேர வேண்டும், தங்கள் யோசனையில் எவையெல்லாம் வெறும் அனுமானம் என்று எழுதி வைக்க வேண்டும், ஒவ்வொரு வாரமும் கட்டடத்தை விட்டு வெளியே போய் பத்துப் பதினைந்து பேரிடம் பேசி அந்த அனுமானங்களைச் சோதிக்க வேண்டும். அடுத்த வகுப்பில் என்ன மாறியது என்று எல்லார் முன்பும் சொல்ல வேண்டும். அமெரிக்க தேசிய அறிவியல் நிதியம் இதைப் பார்த்துவிட்டு அதே வருடம் ஜூலையில் ஐ-கோர் என்ற திட்டமாக்கியது. ஒரு பேராசிரியர், ஒரு ஆய்வு மாணவர், தொழில் அனுபவமுள்ள ஒரு மென்டர் என மூன்று பேர் ஒரு குழு. 50,000 டாலர் நிதி. ஏழு வாரத்தில் நூறு பேரைச் சந்திக்க வேண்டும். முதல் அணியில் 21 குழுக்கள். இதில் கவனிக்க வேண்டியது, கொடுத்த பணம் பொருள் செய்வதற்கு இல்லை, போய்ப் பேசுவதற்கு. சிறந்த லேப்களில் வேலை பார்த்த விஞ்ஞானிகளையே இப்படி அனுப்பினார்கள் என்றால் நம் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அது எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

இதை அப்படியே இங்கே எடுத்து வைக்க முடியாது. முதல் காரணம், நம் ஊரில் மாணவரைப் பார்த்து யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கல்லூரி ஐடி கார்டோடு போய் நின்றாலே, "நல்லா இருக்குதுங்க தம்பி, பண்ணுங்க, வந்தா நாங்களும் வாங்கிக்கறோம்" என்பார்கள். டீயும் வரும். அது அன்பு, ஆர்டர் கிடையாது. மாணவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, பத்தில் ஒன்பது பேர் வாங்குவதாகச் சொன்னார்கள் என்று பை சார்ட் போடுவார்கள். அதனால் "இப்படி ஒன்று செய்தால் வாங்குவீர்களா?" என்ற கேள்வியை வகுப்பில் தடையே செய்துவிடுங்கள். நடந்ததைக் கேட்க வேண்டும், நடக்கப்போவதை வேண்டாம். போன முறை மெஷின் நின்றபோது என்ன செய்தீர்கள், யாரைக் கூப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் போனது, பில் எவ்வளவு வந்தது, இதற்கு முன்னால் வேறு ஏதாவது வாங்கிப் பார்த்தீர்களா, அது இப்போது எங்கே கிடக்கிறது. கடைசிக் கேள்வி முக்கியம். மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கருவி ஒன்று எந்த சந்தை ஆய்வையும்விட அதிகம் பேசும்.

பேச்சை நம்புவதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள, ஏதாவது ஒன்றைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மெஷினைத் தருவீர்களா? போன மாத மின் பில்லைக் காட்டுவீர்களா? சாம்பிள் தருவீர்களா? கொஞ்சம் முன்பணம்? இவற்றில் ஒன்றையாவது கொடுப்பவர்தான் உண்மையில் வலி உள்ளவர்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் குழுவின் கதையைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். சாயக் கழிவுநீரின் நிறத்தை அளக்கும் ஒரு சென்சார் செய்திருந்தார்கள். சில எல்இடிகள், ஒரு ஃபோட்டோ டிடெக்டர், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், மொபைலில் கிராஃப். லேபில் கனகச்சிதமாக வேலை செய்தது. திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு விற்கலாம் என்பது திட்டம். யோசனை காற்றில் வந்தது இல்லை: நொய்யல் மாசுபாட்டு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு தொழில் மீண்டும் நடப்பதும் எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் நிறம் பார்க்கும் சென்சார் வேண்டாமா?

பட்டறைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தண்ணி கலரைப் பார்த்து நான் என்னங்க தம்பி பண்றது? அது பைப்புல பொதுச் சுத்திகரிப்புக்குப் போயிருது. எத்தனை லிட்டர் போச்சுன்னுதான் எனக்குப் பில்லு. ஷேடு மாறி லாட்டு திரும்பி வந்துச்சுன்னா மறுசாயம் போடோணும். தண்ணி, சாயம், உப்பு, விறகு, எல்லாம் ரெண்டு மடங்கு. அதுக்கு ஏதாச்சும் இருக்குதா?"

ஒரே பேச்சில் மூன்று விஷயம் கிடைத்துவிட்டது. கழிவுநீர்ப் பிரச்சினை அவருடையது இல்லை, சுத்திகரிப்பு நிலையத்தாருடையது. அவருடைய வலி வேறு. அந்த வலிக்கு அவர் ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார், மறுசாயத்தின் வடிவில். குழு அடுத்த வாரம் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. அங்கே ஆர்ஓ மெம்பிரேன் அடைத்துக்கொள்வதும், கடைசியில் நீராவி வைத்து ஆவியாக்கும் கட்டத்தின் எரிபொருள் செலவும்தான் பேச்சாக இருந்தது. நிறம் அங்கேயும் முதலாவது கவலை இல்லை. சென்சாரை நீரில் வைத்துப் பார்த்தபோது சில நாளிலேயே கண்ணாடி முகப்பில் படலம் கட்டி அளவு தப்பியது. அவர்கள் செய்த சென்சார் சாயத் தொட்டியில், சாயம் துணியில் எவ்வளவு ஏறியது என்று பார்க்க உதவுமா என்ற கேள்வியோடு செமஸ்டர் முடிந்தது. கம்பெனி எதுவும் பிறக்கவில்லை. ஆனால் வாங்குபவர், பயன்படுத்துபவர், காசு கொடுப்பவர், சட்டப்படி கேட்பவர் நான்கு பேரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம் என்பதை அந்த மாணவர்கள் இனி மறக்க மாட்டார்கள்.

யோசனைகளை எங்கிருந்து எடுப்பது என்று நீங்கள் யோசிப்பீர்கள். வகுப்பில் ஆளுக்கொரு ஐடியா சொல்லச் சொல்லாதீர்கள். டியூஷன் ஆப், செகண்ட் ஹேண்ட் புத்தக ஆப், ஹாஸ்டல் சாப்பாட்டு ஆப் என்றுதான் வரும். அவர்கள் பார்த்த உலகம் அவ்வளவு. உங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்பவர்களையும், கடந்த வருடங்களின் நல்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்களையும் எடுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். அந்தத் தொழில்நுட்பம் எங்கேயெல்லாம் பயன்படலாம் என்று தேடுவதை மாணவர் குழுக்களுக்கு வேலையாகக் கொடுங்கள். கோவையில் இருப்பது உங்களுக்குப் பெரிய வரம். பம்ப், மோட்டார், பவுண்டரி, மில் மெஷினரி, லேத் பட்டறை எல்லாம் ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில். குழுவுக்கு நான்கு பேர் போதும், வாரத்துக்கு ஐந்து சந்திப்பு என்று வையுங்கள். வேறு துறை மாணவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். மெக்கானிக்கல் பையன் ஒருவன் இருந்தால் பெட்டி, வெப்பம், அதிர்வு பற்றிக் கேள்வி தானாக வரும்.

அதே நேரம் முதல் சந்தேகத்தைத் தளரவிடாதீர்கள். உங்கள் பலமே அங்கேதான், எம்பிஏ ஆசிரியர் இதைச் செய்ய முடியாது. நாசாவில் உருவான ஒன்பது படித் தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோலைச் சொல்லிக்கொடுங்கள். கல்லூரி ப்ராஜெக்ட் அனேகமாக மூன்று அல்லது நான்கில் நிற்கும்: லேபில், நாமே பக்கத்தில் நின்று, இரண்டு மணி நேரம் ஓடியது. ஆறுக்கும் ஏழுக்கும் போக வேண்டுமென்றால் மே மாத வெயிலில், பஞ்சுத் தூசியில், வோல்டேஜ் ஏறி இறங்கும் லைனில், நம்மைத் தெரியாத ஓர் ஆபரேட்டர் கையில் வாரக்கணக்கில் ஓட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பணமும் காலமும் கரைகிறது. ஒரு குழுவாவது தன் போர்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு மில்லில் ஒரு வாரம் விட்டுவிட்டு வரட்டும். திரும்ப எடுக்கப் போகும்போது என்ன நிலையில் இருக்கிறது என்பதே அந்த வாரப் பாடம்.

செலவுக் கணக்கையும் கையோடு போடச் சொல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்கிய பாகங்களின் விலையைக் கூட்டி, மேலே கொஞ்சம் லாபம் வைத்து விலை சொல்வதுதான் மாணவர் வழக்கம். பெட்டி, ஒயரிங், டெஸ்டிங், கெட்டுப்போகும் போர்டுகள், பொருத்த ஆள் போய் வரும் செலவு, வாரன்டி, டீலர் கமிஷன், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து, ஒன்று செய்தால் என்ன ஆகும், நூறு செய்தால் என்ன, ஆயிரம் செய்தால் என்ன என்று மூன்று பத்தியாக எழுத வேண்டும். 54.40 டாலர் ஏன் கட்டுப்படியாகவில்லை என்று அப்போது புரியும்.

காப்புரிமை பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் மிக அவசரமானது. நம் கல்லூரிகளில் ப்ராஜெக்ட் எக்ஸ்போ வைத்து, போஸ்டர் ஒட்டி, யூட்யூபில் வீடியோ போட்டு, கான்ஃபரன்ஸில் பேப்பரும் கொடுத்துவிட்டு, அப்புறம் பேட்டன்ட் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வெளியே காட்டிய பிறகு புதுமை போய்விடும்; சட்டத்தில் உள்ள விலக்குகள் மிகக் குறைவு. முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் உண்டு. தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். உரிமை யாருக்கு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ 2019இல் வெளியிட்ட கொள்கைப்படி, கல்லூரி தன் வசதிகளைக் கொடுத்து உதவும் ஸ்டார்ட்அப்பில் 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம். கூகுளின் தேடல் முறைக்கான காப்புரிமை ஸ்டான்ஃபோர்டுக்குச் சொந்தமாக இருந்தது. அதற்காகக் கிடைத்த பங்குகளை விற்ற வகையில் பல்கலைக்கழகத்துக்கு 33 கோடி டாலருக்கு மேல் வந்தது. அதைப் பார்த்து நம் நிர்வாகங்கள் ஆசைப்பட வேண்டியதில்லை, ஆனால் எழுத்தில் தெளிவாக இருப்பது எல்லாருக்கும் நல்லது.

நண்பர்களுக்குள் பங்கு பிரிப்பதை ஒரு முழு வகுப்பாக எடுங்கள். நான்கு பேர், ஆளுக்கு 25 சதவீதம் என்று கையெழுத்துப் போடுவார்கள். ஏழாம் செமஸ்டரில் ஒருவருக்கு கேம்பஸில் வேலை கிடைக்கும், போய்விடுவார். மீதி மூன்று பேர் ஐந்து வருடம் உழைத்தாலும் கால் பங்கு அவரிடமே இருக்கும். எந்த முதலீட்டாளரும் அப்படிப்பட்ட கம்பெனியைத் தொடத் தயங்குவார். அதனால்தான் பங்கை நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது போலவும், முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் இல்லை என்பது போலவும் எழுதும் வழக்கம் வந்தது. போனவர் கெட்டவரும் இல்லை. வீட்டில் கல்விக் கடன் இருக்கும்.

பணம் திரட்டும் யூனிட்டை டிவி நிகழ்ச்சிகளில் வரும் பேரம்போல நடத்த வேண்டாம். இந்த நிலையில் மாணவர்களுக்குப் பொருந்துவது மானியங்கள். புரோட்டோடைப்புக்கு மத்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் 10 லட்சம் வரை, உயிரித் தொழில்நுட்பம், மருத்துவக் கருவி என்றால் மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் பிக் மானியத்தில் 50 லட்சம் வரை. இவற்றின் விண்ணப்பப் படிவம் ஒன்றை வகுப்பிலேயே நிரப்பிப் பார்க்கச் சொன்னால் போதும். அரசு உதவி அமைப்புகள் யூனிட்டும் அதோடு முடிந்துவிடும்.

தெரானோஸ் கதையைக் கட்டாயம் எடுங்கள். 2003இல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த எலிசபெத் ஹோம்ஸ் தொடங்கிய கம்பெனி. விரல் நுனியிலிருந்து எடுக்கும் சில துளி ரத்தத்தில் எக்கச்சக்கமான பரிசோதனைகள் என்று சொன்னார். ஒரு கட்டத்தில் மதிப்பு 900 கோடி டாலர். கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை. 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காகக் குற்றவாளி என்று தீர்ப்பானது, 11 வருடத்துக்கு மேல் சிறை. அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர் ஃபிலிஸ் கார்ட்னர் ஆரம்பத்திலேயே அவருடைய முதல் யோசனை நடக்காது என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர். டெமோவுக்காக வேறு எங்கிருந்தோ ரீடிங் காட்டுவது நம் வைவாக்களிலும் நடக்கிற விஷயம்தான். மார்க்குக்காகச் செய்யும்போது அது சின்னத் தப்பாகத் தெரிகிறது. அதே பழக்கத்தோடு நோயாளியிடமும் முதலீட்டாளரிடமும் போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மூன்றாம் ஆண்டிலேயே பேசிவிட வேண்டும். நடக்காது என்று சொல்லும் பொறுப்பு ஆசிரியருக்கும் உண்டு.

மார்க் எப்படிப் போடுவது என்பதில்தான் இந்தப் பாடம் நிற்கும் அல்லது விழும். கடைசி நாள் பிரசன்டேஷனுக்கு மார்க் போட்டால் எல்லாரும் கடைசி நாளுக்காக நடிப்பார்கள். வாராந்திர நோட்டுக்குப் போடுங்கள்: யாரைப் பார்த்தீர்கள், என்ன நம்பிக்கையோடு போனீர்கள், என்ன கேட்டீர்கள், எது தப்பானது, அதனால் எதை மாற்றினீர்கள். தன் யோசனை உருப்படாது என்று ஆதாரத்தோடு காட்டும் குழுவுக்கு, பளபளப்பான ஸ்லைடு காட்டும் குழுவைவிட அதிக மார்க் கிடைக்க வேண்டும். இதை முதல் நாளே அறிவியுங்கள், இல்லையென்றால் நம்ப மாட்டார்கள். நிர்வாகம் எத்தனை ஸ்டார்ட்அப் பதிவானது என்று கேட்கும், அங்கீகாரக் குழுக்களுக்குக் காட்ட எண் வேண்டும். அந்த எண்ணுக்காக மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் பேரில் கம்பெனி பதிவு செய்யும் வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பதிவானால் வருடா வருடம் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும், ஆடிட்டர் செலவு உண்டு, விட்டுவிட்டால் அபராதம், இயக்குநராக இருந்தவருக்குப் பின்னால் சிக்கல். படிப்பு முடிந்து வேலைக்குப் போன பையன் அதைச் சுமக்கக் கூடாது. எண் வேண்டுமென்றால் சந்திப்புகளின் எண்ணிக்கையையும், ஆலைகளில் ஓடிய மாதிரிகளின் எண்ணிக்கையையும் கொடுங்கள். அவை உண்மையான எண்கள்.

வெளியாட்களைக் கூப்பிடும்போது வெற்றிக் கதை சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையோடு ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்: திருப்பி அனுப்பப்பட்ட ஒரு போர்டு, வாடிக்கையாளர் நிராகரித்த கொட்டேஷன், கைவிட்ட முதல் டிசைன். அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினால் மாணவர்கள் கேள்வி கேட்காமல் விட மாட்டார்கள். புதுக் கம்பெனிகளுக்கு இடமும் உதவியும் தந்து வளர்க்கும் பிஎஸ்ஜி-ஸ்டெப், ஃபோர்ஜ் போன்ற இன்குபேட்டர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. திருச்சியில் டிரெக்-ஸ்டெப் 1986இலிருந்து இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் மேலாளர்கள் பல வருடங்களாகத் தேறிய கம்பெனிகளையும் தேறாதவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். பெரிய தொழிலதிபரைவிட அவர்கள் உங்களுக்கு அதிகம் உதவுவார்கள், நேரமும் ஒதுக்குவார்கள்.

செமஸ்டர் தொடங்க இன்னும் சில வாரம் இருக்கும். அதற்குள் நீங்களே மாணவர் யாரும் இல்லாமல் மூன்று நான்கு பட்டறைகளுக்குப் போய்வாருங்கள். உங்கள் துறைக்குப் பக்கமான ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு, அதே நோட்டை அதே முறையில் எழுதுங்கள். முதல் வகுப்பில் ஆசிலேட்டரோடு அந்த நோட்டையும் மேஜையில் வையுங்கள். எந்த நேரத்தில் போனால் முதலாளி இருப்பார், வாட்ச்மேனிடம் என்ன சொல்ல வேண்டும், ஷிஃப்ட் மாறும்போது ஏன் போகக்கூடாது என்பதெல்லாம் அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். மாணவர்கள் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.